கண்ணாடிக்கு எலாஸ்டிக் தைத்த பாட்டிக்கும், உங்கள் எல்லோருக்கும்

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் வகுப்பு நடக்கும் இடத்தில் பைப் வெடித்த அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மறுபடி எழுதப்போவதில்லை. பாதிப் பேர் என்னோடு தண்ணீரில் நின்றீர்கள், மீதிப் பேர் வாட்ஸாப்பில் படம் பார்த்தீர்கள். பெண் பிள்ளைகள் தாங்களே அறுத்து, ஒட்டி, கட்டிப் பார்க்கும் நம் சனிக்கிழமை வகுப்பு திரும்ப ஆரம்பித்துவிட்டது. இன்று 11 பெண் பிள்ளைகளும் வந்தார்கள். வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன், தள்ளிப்போட்டால் எழுதமாட்டேன்.

கூடத்தைத் திறந்துவிட்ட சர்ச்சுக்கும், கராஜைக் காலிசெய்து எங்கள் சாமான்களை உலர வைத்த தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும், ரிச்மண்டிலிருந்து ப்ளைவுட் ஏற்றி வந்தவருக்கும், வாரம் தவறாமல் எலுமிச்சை சாதம் அனுப்பிய அக்காவுக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு. பெயர் போடாதே என்றவர்களே அதிகம், அதனால் யார் பெயரும் இல்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் பாட்டி அவர்.

புதிதாக 12 பாதுகாப்புக் கண்ணாடிகள் வந்தன அல்லவா? முதல் நாள் ப்ளைவுட் அறுக்க ஆரம்பித்ததும் ஒவ்வொருத்தியாக அதைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றினார்கள். கத்தினேன். போட்டார்கள், மறுபடி கழற்றினார்கள். மறுபடி கத்தினேன். பேத்தியைக் கூட்டிப்போக வந்த பாட்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் போனபின், "பேபி, அந்தப் பையை இப்படிக் கொடு" என்றார். (எனக்கு 47 வயது. இந்தப் பக்கத்துப் பாட்டிமாருக்கு எல்லோரும் பேபிதான்.)

அடுத்த சனிக்கிழமை பை திரும்பி வந்தது. 12 கண்ணாடிகளிலும் பழைய பட்டையை வெட்டிவிட்டு, அகலமான எலாஸ்டிக் வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தார். பின்பக்கம் கொக்கி. தலைவழியாக இழுக்க வேண்டாம், சுற்றிக் கொண்டுவந்து மாட்டினால் போதும். பொடிப் பின்னல் போட்டு நுனியில் மணி கோத்த பிள்ளைக்கும், முடியை உச்சியில் பந்தாகக் கட்டிய பிள்ளைக்கும் பழைய பட்டை நுழையவே இல்லை. நுழைந்தாலும் பின்னலை இழுத்து வலித்திருக்கிறது. ஒருத்தியும் சொல்லவில்லை. கத்துகிற டீச்சரிடம் யார் சொல்வார்கள்?

"பிள்ளைங்க பேச்சுக் கேக்காம இல்ல. பட்டை பத்தல." பாட்டி சொன்னது அவ்வளவுதான்.

எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைச் சடையோடு வளர்ந்தவள் நான். என் தலைக்குச் சரியாக இருந்தது எல்லோருக்கும் சரி என்று நினைத்திருக்கிறேன். 17 வருடம் கப்பல் குழாய்களுக்குக் கணக்குப் போட்டவள், ஒரு வளையம் பொருந்தாவிட்டால் வரைபடத்தையே திருப்பி அனுப்பியவள், இங்கே பொருந்தவில்லை என்றதும் பிள்ளைகளைத் திட்டினேன்.

அந்த வேலையை விட்டு எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்தப் போனது ஏன் என்று சிலர் இன்னமும் கேட்கிறீர்கள். பக்கத்து ஊர் ஹாம்ப்டனின் மேரி ஜாக்சனின் கதையைக் கேளுங்கள் என்பேன். 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனவர். அதற்குப் படிக்க வேண்டிய மாலை வகுப்புகள் வெள்ளையர் பள்ளியில் நடந்ததால், உள்ளே போய் உட்காரவே நகர நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1979இல் பதவியில் ஒரு படி இறங்கி, மற்றப் பெண்களை மேலே கொண்டுவரும் வேலைக்குப் போனார். அதற்கு முன்பே கிங் ஸ்ட்ரீட் சமூகக் கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு காற்றுச் சுரங்கம் (உள்ளே காற்றை ஓடவிட்டு விமான மாதிரிகளைச் சோதிக்கும் கூண்டு) கட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். எங்கள் சனிக்கிழமைக் கூத்துக்கு மூலம் அதுதான்.

இனி எந்தச் சாமான் வந்தாலும், முதலில் ஒரு பிள்ளை போட்டுப் பார்க்கட்டும், அப்புறம்தான் நன்றிக் கடிதம். கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் காற்றுச் சுரங்கம் பாதி எழும்பிவிட்டது. காற்று சுழலாமல் நேராகப் போக, சுரங்கத்தின் வாயில் ஸ்ட்ரா அடுக்க வேண்டும். இன்று நான்கு பிள்ளைகள் உட்கார்ந்து ஒரே நீளத்துக்கு வெட்டித் தள்ளினார்கள். நெற்றியில் ஒரு கண்ணாடிகூட இல்லை. வருகிற சனிக்கிழமை மின்விசிறியைப் போட்டுப் பார்க்கிறோம். பாட்டியை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டாவது கண்ணாடி அவருக்கு.

அன்புடன்,
உங்கள் சனிக்கிழமை டீச்சர்
நியூபோர்ட் நியூஸ், வர்ஜீனியா