ஆண்டறிக்கை 2025: கொடைக்கானலில் சைக்கிளும் நடையுமாக ஒரு நாள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே, ஜனவரி மாதக் கடைசி ஞாயிறன்று நாம் நடத்திய சைக்கிள், நடைப்பயண நாளைப் பற்றியும், அதையொட்டி இன்று உங்கள் முன் வைக்கப்படும் தீர்மானத்தைப் பற்றியும் மட்டும் இவ்வறிக்கையில் விரிவாகக் கூறுகிறேன்.

அன்று விடிந்தபோது ஜிம்கானா புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. சொந்த சைக்கிள் வைத்திருந்தவர்களும், ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்தவர்களும் ஒன்றுகூடியதும், எந்த வண்டியும் பிரேக் கட்டையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்ற நமது விதிப்படி, ஒவ்வொரு வண்டியின் முன்பிரேக்கையும் பிடித்து, வண்டியை முன்னால் தள்ளிப் பார்த்தோம். கட்டை தேய்ந்து ரப்பர் வழுவழுப்பாகியிருந்த வண்டிகள் அங்கேயே மாற்றிக்கொள்ளப்பட்டன. இதற்குச் செலவிட்ட நேரத்தைச் சிலர் வீண் தாமதம் என்று கருதினாலும், அப்சர்வேட்டரி சாலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிப்பவர்களுக்கு அதன் அருமை புரியும்.

மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய ஏரியை ஒட்டிச் செல்லும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையை முதலில் ஒருமுறை சுற்றினோம். பெரும்பாலும் சமதரையாகச் செல்லும் இச்சாலை, சிறுவர்களும் முதியவர்களும் அச்சமின்றி மிதிக்கத்தக்க சாலை. அந்த வேளையில் கார்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. சங்கிலி ஓடும் ஓசையும் பறவைகளின் குரலும் தவிர வேறு சத்தமில்லை. சுற்று முடிந்ததும், கியர் வண்டி வைத்திருந்தவர்கள் மட்டும் சூரிய ஆய்வகம் நோக்கி ஏறினர். ஏரியிலிருந்து 200 மீட்டருக்கும் மேல் உயர வேண்டிய ஏற்றம் அது. 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம்பிடித்துவரும் அந்த ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். நம் ஊர்ப் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வழியைத் தேர்ந்தெடுத்தோம். வழியில் ஒரு திருப்பத்தில் காட்டுமாடு ஒன்று சாலையோரம் நின்றது. மணி அடிக்காமல், கூச்சலிடாமல், சற்றுத் தொலைவிலேயே இறங்கி நின்று, அது தானாகச் சரிவில் இறங்கிய பின்னரே அனைவரும் நகர்ந்தனர். பயிற்சி வகுப்பில் சொல்லப்பட்டதைப் பிள்ளைகள் பிசகாமல் கடைப்பிடித்ததற்கு அவர்களைப் பாராட்டுகிறேன்.

காலைச் சிற்றுண்டிக்குப் பின் சைக்கிள்களை ஒப்படைத்துவிட்டு, பாம்பார்புரம் வழியாக வட்டக்கானலுக்கு நடந்தோம். அங்கிருந்து டால்பின் நோஸ் என்னும் பாறை முனை வரையிலான இறக்கத்தில் சில இடங்களில் மரவேர்களே படிகளாகின்றன. பாதம் முழுவதையும் பதிக்காமல் விரல் நுனியில் இறங்கினால் வழுக்கும். பாறையை அடைந்தபோது மூடுபனி ஏறவில்லை. பெரியகுளம் பக்கத்துச் சமவெளி தெளிவாகத் தெரிந்தது. பாறை விளிம்புக்குச் சென்று படமெடுக்க எவரையும் அனுமதிக்கவில்லை, இனியும் அனுமதிப்பதற்கில்லை.

இப்பாதையின் தொடர்ச்சியில்தான் வெள்ளகவி இருக்கிறது. நமக்கு ஒருநாள் நடையாக இருப்பது, தலைமுறை தலைமுறையாக அவ்வூர் மக்களுக்குச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழியாக இருந்துவருகிறது. சுமையுடன் ஏறிவந்தவர்களுக்கு நம்மவர்கள் மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிட்டனர். பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவது ஆபத்து என்பதோடு, சுமை சுமப்பவரை நிறுத்தி வைப்பது முறையல்ல என்பதையும் புதிய உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. எனவே அடுப்பு, தீப்பெட்டி, புகை ஆகிய எதற்கும் நமது நடைகளில் இடமில்லை. கோடை வறட்சியில் காட்டுப் பாதைகளில் நடை ஏற்பாடு செய்வதில்லை. வனத்துறை அனுமதியின்றி எங்கும் செல்வதில்லை. தண்ணீரை அவரவர் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவந்ததால், திரும்பும்போது நம் பையில் சேர்ந்த பிளாஸ்டிக் முழுவதும் பிறர் எறிந்துவிட்டுப் போனதே.

இனி தீர்மானம். 2024 மே 7 முதல் நம் ஊருக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு விதித்தது. வரம்புக்கு உட்பட்ட அந்த எண்ணிக்கையே இந்தச் சிறிய மலையூருக்கு எவ்வளவு பெரிது என்பதை, ஏரிச்சாலையில் குழந்தையைக் கைப்பிடித்து நடந்தவர்கள் அறிவார்கள். அன்று காலை நாம் கண்ட அமைதி கார்கள் வரத் தொடங்கும்வரைதான் நீடித்தது. ஆகவே, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 6 மணி முதல் 9 மணி வரை ஏரிச்சாலையை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் மட்டும் ஒதுக்க வேண்டும். அங்கே குடியிருப்பவர்களின் வாகனங்களுக்கும் ஆம்புலன்சுக்கும் மட்டும் விலக்கு அளிக்க வேண்டும் என்று நகராட்சியைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தைச் செயற்குழு முன்மொழிகிறது. வாடகை சைக்கிள் தொழிலை நம்பியுள்ள குடும்பங்களுக்கும் இது உதவும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வறிக்கையை ஏற்று, தீர்மானத்தின் மீது உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்