ஓடைக்கோடுகளை எப்படி மதிப்பிடுவது

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. வெள்ள வரைபட வேலைக்கு மாறிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. உனக்கு ஏற்ற வேலை அது. நான் வழக்கம்போல மாணவர்களோடுதான் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நிலத்தின் உயரத் தரவிலிருந்து கணினியில் எடுத்த ஓடைக்கோடுகள் நிஜ ஓடைகளிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை ஒரே ஒரு சராசரி எண்ணாக அறிக்கையில் போட்டால் போதுமா என்கிறாய். போதவே போதாது. ஓடை இடம் மாறுவதற்கு உயரப் பிழை மட்டும் காரணமில்லை, சரிவும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது. உயரத்தில் 2 மீட்டர் பிழை என்று வைத்துக்கொள். பக்கச்சரிவு 20 சதவீதம் உள்ள பள்ளத்தாக்கில் கோடு ஏறக்குறைய 10 மீட்டர் நகரலாம். அதே பிழை, சரிவு 0.5 சதவீதம் உள்ள சமவெளியில் 400 மீட்டர் வரை இழுத்துவிடும். இந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அது எந்த இடத்துக்கும் பொருந்தாது. உன் வேலையோ சமவெளியில்தான். வெள்ளம் அங்கேதான் பரவும். அதனால் சரிவு வாரியாகப் பிரித்தே கணக்குக் காட்டு.

அளக்கும் முறைக்கு, குட்சைல்ட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் சொன்ன பஃபர் முறையையே இன்றும் நான் நம்புகிறேன். நம்பகமான கோட்டைச் சுற்றி ஒரு பஃபர், அதாவது இருபுறமும் ஒரே அகலமுள்ள பட்டை போட்டு, சோதிக்கும் கோட்டின் நீளத்தில் எத்தனை சதவீதம் அதற்குள் விழுகிறது என்று பார். பஃபரின் அகலத்தைப் படிப்படியாகக் கூட்டினால் ஒரு வளைகோடு கிடைக்கும், அதில் தகவல் அதிகம். அப்புறம் இதையே திருப்பியும் செய். உன் கோட்டைச் சுற்றிப் பஃபர் போட்டு, நிஜ ஓடையில் எவ்வளவு அதற்குள் வருகிறது என்று பார்த்தால்தான் விட்டுப்போன ஓடைகள் தெரியும். தலைமடையில் முளைக்கும் குட்டி ஓடைகளைத் தனியாக வை. எவ்வளவு பரப்பின் நீர் சேர்ந்தால் அதை ஓடை என்று கொள்வது என்ற நீர்த்திரட்சி வரம்பைக் குறைத்தால் அவை பெருகும், கூட்டினால் மறையும். அங்கே கேள்வி, ஓடை இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் முதலில் டேட்டத்தையும் ப்ரொஜெக்‌ஷனையும் சரிபார், அதாவது இடத்தை அளக்கும் அடிப்படையும் உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் முறையும் இரண்டு தரவிலும் ஒன்றுதானா என்று.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். ஏற்கெனவே வரைந்த ஆற்றுக்கோட்டை உயரத் தரவில் பள்ளமாகச் செதுக்கி, அதிலிருந்து ஓடை எடுத்து, அதே கோட்டோடு ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைப்பது போலத்தான் அது. செதுக்குவது தப்பில்லை, ஆனால் சோதிக்க வேறு கோடு வேண்டும். அந்தக் கோட்டுக்கும் பிழை உண்டு. 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். அதைவிட நுணுக்கமாக அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தரவும் வரைபடமும் எந்த ஆண்டில் எடுத்தவை என்றும் பார், இடையில் ஆறே நகர்ந்திருக்கலாம்.

லைடார் (லேசர் ஒளி பாய்ச்சி உயரம் அளக்கும் முறை) கிடைத்தால் கவலையில்லை என்று எழுதியிருந்தாய். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவின் ரேடார் அலை காட்டில் பெரும்பாலும் மரத்தலைகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. லைடார் இலையிடுக்கு வழியே தரையைத் தொடும், அந்த வகையில் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 1 மீட்டர் பிக்சலில் சாலை மேடு துல்லியமாகத் தெரியும், அதன் அடியில் இருக்கும் மதகு தெரியாது. மென்பொருள் அதை அணை என்று எடுத்துக்கொண்டு, பின்னால் நீரை நிரப்பி, ஓடையைச் சாலையோரமாகவே கொண்டுபோய் வேறெங்கோ வழியவிடும். மதகுகளின் பட்டியலை வாங்கி, உயரத் தரவில் அந்த இடங்களில் மேட்டை வெட்டிவிடு.

முதலில் ஒரே ஒரு சின்ன நீர்ப்பிடிப்பில் இதையெல்லாம் செய்து எனக்கு அனுப்பு. சரிவு அட்டவணையையும் பஃபர் வளைகோட்டையும் சேர்த்தே அனுப்பு, உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்