போவா குட்டியின் டப்பாவில் தாய் தகப்பன் விவரம் வேண்டும்

ஜெர்மனியின் ஹாம், அமெரிக்காவின் டின்லி பார்க் முதலிய ஊர்களில் ஊர்வனச் சந்தை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் மண்டபங்களில் போவா பாம்புக் குட்டிகள் நிறத்தின் பெயரால்தான் விலைபோகின்றன. டப்பாவின் மேல் 'ஆல்பினோ' என்றோ 'மோட்லி' என்றோ ஒரு சொல், கீழே விலை. எந்த ஜோடிக்குப் பிறந்தது என்பதையும் எழுத வேண்டும் என விதி செய்யுங்கள்.

கொலம்பிய வழி (பரம்பரை) மோட்லியையே பாருங்கள். இந்த மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் முதுகுத் திட்டுகள் இணைந்து வட்டங்களாகும். குட்டி நன்றாக வளரும். இரு பக்கமும் வந்தால் வடிவமே இல்லாத கருஞ்சாம்பல் நிற 'சூப்பர் மோட்லி'. அவற்றில் பெரும்பாலானவை வளருமுன்னே செத்துப்போகின்றன. மோட்லியை மோட்லியோடு சேர்த்தால் 20 குட்டிகளில் சராசரியாக 10 மோட்லி, 5 சூப்பர் மோட்லி, 5 சாதாரணம். சாதாரண போவாவோடு சேர்த்தாலும் அதே 10 மோட்லி கிடைக்கும், மீதி 10 சாதாரணம். சாகப்போகும் அந்த 5 குட்டிகளால் ஒரு மோட்லிகூடக் கூடுவதில்லை. பிறகு எதற்கு இந்த ஜோடி? சூப்பர் மோட்லிக்கு விற்பனை மேசை கொடுக்காதீர்கள்.

ஆல்பினோவில் சிக்கல் வேறு. காஹ்ல், ஷார்ப் என்ற இரண்டு வழிகளிலும் கறுப்பு நிறமி இல்லை. ஆனால் மரபணு வேறு வேறு. இரண்டையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் சாதாரண நிறம்தான். அக்குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் 16-க்கு 7 ஆல்பினோ வரும். எது காஹ்ல், எது ஷார்ப், எது இரண்டும் என்று கண்ணால் பிரிக்க முடியாது. வெறும் 'ஆல்பினோ' என நம்பி, தெரியாமல் ஒரு காஹ்லையும் ஒரு ஷார்பையும் ஜோடியாக வாங்கியவர், பெண் பாம்பு முதிர 3, 4 ஆண்டுகள், பிறகு ஏறத்தாழ 4 மாதச் சினை எல்லாம் காத்திருந்து, ஓர் ஆல்பினோகூட இல்லாத ஈற்றைத்தான் காண்பார்.

சில டப்பாக்களில் '66% ஹெட்' என்றிருக்கும். 'ஹெட்' என்பது நிறத்தில் வெளிக்காட்டாமல் மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சுமக்கும் பாம்பு. '66% ஹெட்' என்றால் ஹெட் ஜோடியின் சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு மரபணுவைச் சுமக்கும், அவ்வளவே. எது என்று தெரியாது. அதையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, போவாக்களுக்கு நோய் தரும் ரெப்டரீனா வைரஸ். நோய் வெளியே தெரியாத போவாவும் அதைக் குட்டிகளுக்குக் கடத்தும். பெற்றோர் இருவருக்கும் இடைவெளி விட்டு இரண்டு முறை பிசிஆர் (வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) செய்த தாள் இல்லாத குட்டிகளை மண்டபத்துக்குள் விடாதீர்கள். ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் போதாது.

இப்படிக்கு,
போவா வளர்ப்போர் சிலர்