104-ஆம் அறையில் நடந்தது: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உளுந்தூர்பேட்டை லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் லீவுக் கூட்டத்தில் ஒரு குடும்பம் எங்களிடம் தங்கிப் பட்ட பாடு உங்களில் சிலர் காதுக்கு வந்துவிட்டது. மாதம் இரண்டு முறை வந்து தங்கும் மெடிக்கல் ரெப் தம்பி ஒருவர் போன் போட்டு, "என்னண்ணே, நம்ம லாட்ஜப் பத்தி இப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

அன்று ராத்திரி ஒரு மணி இருக்கும். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகும் குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு வயதான அம்மா. காரை ஓட்டிவந்தவருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. இருக்கிற 14 அறையில் 13 நிறைந்துவிட்டது. மிச்சம் ரோட்டைப் பார்த்த 104. கீசர் ரிப்பேர் என்று பத்து நாளாக நாங்களே பூட்டி வைத்திருந்த அறை அது. கவுண்டரில் இருந்தது நான்தான், ரூம் பையன்கள் மேல் பழி போட வழியே இல்லை. "சுடுதண்ணி மட்டும் கொஞ்சம் லேட்டா வரும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். லேட்டாக அல்ல, வரவே வராது என்று எனக்குத் தெரியும். வாடகை 1,200, வரி 60, ஆக 1,260 ரூபாயையும் முழுசாக வாங்கிக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்கு அவர் சாவியைக் கவுண்டரில் வைத்தார். சின்னப் பெண்ணின் கையை என் பக்கம் நீட்டிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. மூட்டைப்பூச்சி. "படுக்கறதுக்குத்தானே சார் காசு வாங்கினீங்க" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, காசும் கேட்கவில்லை. பின்னால் அந்த அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். மார்கழிக் குளிர் இன்னும் விட்டிருக்கவில்லை.

கீசர் கதை எளிது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு உள்ளே இருக்கும் காயிலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படியும். படியப் படியச் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி, ஒருநாள் காயில் வெந்து அறுந்துபோகும். அப்போதும் வெளியே சிவப்பு விளக்கு எரியும். அதை நம்பி அந்த வீட்டம்மா முக்கால் மணி நேரம் காத்திருந்தாராம். நல்ல நிலையில் இருக்கும் 15 லிட்டர் கீசர் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். உங்கள் அறையில் அரை மணி ஆகியும் வெதுவெதுப்புகூட இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம், கூப்பிடுங்கள்.

மூட்டைப்பூச்சி விஷயம் எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் தெரியாதது என் தப்புதான். பூட்டிய அறைதானே, பூச்சி செத்திருக்கும் என்று நினைப்போம். அது மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உயிரோடு இருக்கும். மெத்தையைப் புரட்டியபோது தையல் ஓரமெல்லாம் பேனா மையைத் தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளி, மரக் கட்டிலின் இடுக்கில் முட்டை. அப்பா காலத்துக் கட்டில் அது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் வெளியே எடுத்துக் கொளுத்திவிட்டோம். இரும்புக் கட்டிலும் புது மெத்தையும் வந்துவிட்டன. பக்கத்து அறைகள் இரண்டையும் புரட்டிப் பார்த்தோம், அங்கே இல்லை. மருந்து ஒருமுறை அடித்தாயிற்று. அது முட்டையைக் கொல்லாது, பொரிந்து வரும் குஞ்சுக்காக 15 நாள் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். இனி எங்கள் லாட்ஜில் மூட்டைப்பூச்சியே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன். பெட்டி படுக்கையோடு பயணம் போகிற ஜென்மம் அது. நீங்களே மெத்தையின் மூலையைத் தூக்கி ஓரத்தைப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சிலர் வரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாங்கள் இருப்பது ஜிஎஸ்டி ரோடு, அதனால்தான் ஜிஎஸ்டி வாங்குகிறீர்களா என்று ஒரு லாரிக்கார அண்ணன் கிண்டல் செய்வார். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட அறைக்கு 2022 ஜூலை வரை வரி இல்லை, அப்புறம் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எங்களைப் போன்ற லாட்ஜுகளுக்கு 5 சதவீதம்தான். பில் கேட்டு வாங்குங்கள்.

ரோட்டுச் சத்தத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை. கிளாம்பாக்கத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் கிளம்பும் பஸ்கள் ஒரு மணி வாக்கில் இங்கே வரிசையாக வரும். சேலம் ரோடு பிரிகிற இடம் வேறு, ஏர் ஹாரனுக்குக் கேட்கவா வேண்டும். முன்பக்க அறைகளில் ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும். தூக்கம் லேசானவர்கள் பின்பக்கம் கேளுங்கள், வாடகை ஒன்றுதான்.

அந்தக் குடும்பத்துக்கு 1,260 ரூபாயையும் ஜிபே வழியாகத் திருப்பி அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன். "சரி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது.

இனி எவ்வளவு அகாலத்தில் வந்தாலும் முதலில் அறையைத் திறந்து காட்டுவோம். லைட், ஃபேன், குழாய், கீசர், மெத்தை எல்லாம் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் பணம் கொடுங்கள். ரிப்பேரில் இருக்கும் அறையின் சாவி இனிமேல் கவுண்டரிலேயே இருக்காது, வீட்டில் என் மனைவியிடம் இருக்கும். அவரிடமிருந்து வாங்குவது என்னாலும் ஆகாத காரியம்.

இரண்டாவது மருந்து அடித்து முடிக்கும்வரை 104 பூட்டியே இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தவர்களுக்கு மாடியில் 203 ஒதுக்கியிருக்கிறோம். படி ஏற முடியாதவர்கள் ஒரு போன் போடுங்கள், கீழேயே பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் லாட்ஜ்காரன்