அவன் வராந்தாவில் நின்றுகொண்டிருக்கவில்லை

பாளையங்கோட்டை
29 அக்டோபர்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அன்று மாலையே பதில் எழுத உட்கார்ந்தேன், மூன்று வரிக்கு மேல் ஓடவில்லை. மறுபடி எடுத்துப் படித்தபோதுதான், நீ கேட்டிருப்பது சினிமாவைப் பற்றிய கேள்வி இல்லை, போய்விட்ட உன் தம்பி மகனைப் பற்றிய கேள்வி என்பது எனக்கு உறைத்தது. அதனால்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது, பொறுத்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் வீட்டுக்காரர் மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வலி போய்விட்டது என்று பயிற்சியை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் பேத்தி போட்டுக் காட்டிய 'இஃப் ஐ ஸ்டே' படத்தை நானும் பார்த்தேன். 2014இல் வந்த படம். செல்லோ என்கிற பெரிய வயலின் மாதிரியான வாத்தியம் வாசிக்கிற பெண் மியா. நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளியிலிருந்து பதில் வருமா என்று காத்திருக்கிறாள். பனி கொட்டியதால் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில் குடும்பத்தோடு காரில் போகும்போது விபத்து நடக்கிறது. உடல் கட்டிலில் கிடக்கிறது, அவள் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் அலைகிறாள். ஒரு நர்ஸ் அவள் காதருகே குனிந்து, பிழைப்பதும் போவதும் உன் கையில்தான் இருக்கிறது என்கிறாள். அந்த இடத்தில் நீ விம்மி அழுததாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதே இடத்தில் கோபம் வந்தது.

29 வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன், செல்வி. ஒரு நோயாளியிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. பதினேழு வயதில் யாருக்குப் போக ஆசை? வாழ வேண்டும் என்று துடித்த எத்தனையோ பிள்ளைகளின் முகத்தை இந்தக் கையால் மூடியிருக்கிறேன். முடிவு அவர்கள் கையில் இருந்தது என்றால், போனவர்கள் எல்லோரும் போக விரும்பிப் போனவர்கள் என்று ஆகிவிடும். அப்புறம் பெற்றவள் ஆயுள் முழுக்க, 'என்னை விட்டுப் போக என் பிள்ளைக்கு எப்படி மனம் வந்தது' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதைவிடக் கொடிய பாரம் இருக்கிறதா?

ஆனால் அதே படத்தில் தாத்தா வருகிற காட்சி இருக்கிறதே, அது நிஜம். பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, நீ இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, போக வேண்டும் என்றாலும் எனக்குப் புரியும் என்கிறார். எங்கள் வார்டில் ஒரு பாட்டி பேரனின் காலைத் தடவிக்கொண்டு, "வலிக்கிறதென்றால் போய் வா சாமி, நான் உன் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். பையனுக்குக் கேட்டதா என்று தெரியாது. பாட்டிக்கு அதைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

மயக்கத்தில் கிடப்பவர்களுக்குக் கேட்குமா என்று என்னிடம் கேட்காத உறவினர்களே இல்லை. திருச்செந்தூர் வழித்தடத்தில் ஓடுகிற கண்டக்டர் ஒருவரின் மகள், கல்லூரியில் படித்தவள், தலையில் அடிபட்டு 41 நாள் எங்கள் பிரிவில் கிடந்தாள். அவருக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவோம். காக்கிச் சட்டையோடு வந்து, குனிந்து, நிறுத்தங்களைச் சொல்வார். செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர், திருச்செந்தூர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்துவார், யாரோ இறங்கி ஏறுவதற்கு நேரம் கொடுப்பதுபோல. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிறகு விசாரித்தபோது, அந்த நாட்களில் ஒன்றுகூட அவளுக்கு நினைவில்லை. அவருக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

இதை எழுதும்போதுதான் 'அக்டோபர்' நினைவுக்கு வருகிறது. 2018இல் வந்த இந்திப் படம். ஷூஜித் சர்க்கார் இயக்கியது, ஜூஹி சதுர்வேதி எழுதியது. நீ பார்த்திருக்க மாட்டாய். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் டான் ஒருவன், ஷியூலி ஒருத்தி. ஷியூலி ஐயர் என்று பெயர். இரண்டு பேருக்கும் பெரிய பழக்கம் எதுவும் இல்லை. புத்தாண்டு விருந்தில் மூன்றாம் மாடியிலிருந்து அவள் விழுந்துவிடுகிறாள். விழுவதற்கு முன் கடைசியாக "டான் எங்கே?" என்று கேட்டாள் என்பது பிறகு அவனுக்குத் தெரிய வருகிறது. அவ்வளவுதான், அந்த ஒரு கேள்வி அவனை ஆஸ்பத்திரியோடு கட்டிப் போட்டுவிடுகிறது.

இந்தப் படம் அவள் தலைக்குள் நுழைவதே இல்லை. அவள் ஆவி எங்கும் நடமாடுவதில்லை. மொட்டையடித்த தலையும் தையலும் குழாய்களுமாகக் கிடக்கிறாள், நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். நிஜத்தில் நம் இடம் அதுதானே? சித்தப்பா ஒருவர், இந்த நிலையில் பிழைத்து என்ன பயன், வைத்தியத்தை நிறுத்திவிடலாம் என்கிறார். அவரைக் கெட்டவராகக் காட்டியிருந்தால் நான் படத்தை அங்கேயே விட்டிருப்பேன். அப்படிக் காட்டவில்லை. அவர் பேச்சிலும் கணக்கு இருக்கிறது, கவலை இருக்கிறது. டானிடம் இருப்பது பிடிவாதம் மட்டும்தான். ஷியூலி என்றால் நம் பவழமல்லி. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே அந்தப் பூவின் மேல் பித்து என்று அம்மா சொல்ல, அவன் பொறுக்கிக்கொண்டு வந்து படுக்கையருகே வைக்கிறான். அந்த வாசனைக்கு அவளிடம் லேசான சலனம் தெரிகிறது. எங்கள் பின்கட்டு மரமும் இப்போது காலையில் தரை தெரியாமல் உதிர்த்து வைக்கிறது. படம் பார்த்த பிறகு அதைப் பெருக்கித் தள்ள மனம் வருவதில்லை, ஒரு தட்டில் அள்ளி உள்ளே வைத்துவிடுகிறேன். வாசனை அதிக நேரம் நிற்பதில்லை, பத்து மணிக்கெல்லாம் காம்பு மட்டும் சிவந்து கிடக்கிறது.

ஷியூலி கடைசியில் இறந்துவிடுகிறாள். ஆனாலும் டான் வைத்த நம்பிக்கை முட்டாள்தனம் இல்லை. 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் விபத்தில் அடிபட்டு உணர்வற்றுக் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் அப்படி நினைத்தால் மூளையில் எந்தப் பகுதி விழிக்குமோ, அதே பகுதி அவளுக்கும் விழித்தது. கண்டக்டரிடம் பேச்சை நிறுத்துங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லாதது இதனால்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தம்பி மகன் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டோமா, அவனும் மியாவைப்போல வராந்தாவில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தானா, நான்தானே தம்பியை உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். உடம்பு சூடாக இருந்தது, மார்பு ஏறி இறங்கியது, விரல் அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

செல்வி, மியாவும் ஷியூலியும் கோமாவில் கிடந்தவர்கள். கோமாவில் மூளை அடிபட்டிருந்தாலும் உயிரோடு இருக்கிறது. உன் தம்பி மகனுக்கு நேர்ந்தது மூளைச்சாவு. இரண்டும் ஒன்றின் கீழ்ப்படி மேல்படி இல்லை. மூளைத்தண்டு இறந்துவிட்டால் அதோடு ஆள் போயாயிற்று. மார்பை ஏற்றி இறக்கியது வெண்டிலேட்டர். இதயத்துக்குத் துடிப்பதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை, பிராணவாயு கிடைக்கிற வரை தானாகவே அடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் ஓடியதால் உடம்பு சூடாக இருந்தது. விரல் அசைந்தது முதுகுத் தண்டுவடத்தின் அனிச்சை, மூளை சொல்லாமலே நடக்கிற அசைவு. அதை நானே பல முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்கும் ஒரு கணம் நெஞ்சு நின்றிருக்கிறது. நீ பார்த்தது பொய் இல்லை. ஆனால் அது அவன் இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது முதல் பரிசோதனை முடிந்திருந்தது, நினைவிருக்கிறதா? இரண்டாவதின்போது அங்கேதான் இருந்தேன். கண்மணியில் வெளிச்சம் அடித்தார்கள். கருவிழியைப் பஞ்சால் தொட்டார்கள். காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டுக் கண் நகர்கிறதா என்று பார்த்தார்கள். கடைசியில் வெண்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியாகப் பிராணவாயு மட்டும் கொடுத்து, தானாக ஒரு மூச்சு வருகிறதா என்று காத்திருந்தார்கள். நான் அவன் மார்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வரவில்லை. இந்தச் சோதனையை ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்து, நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் வைத்திருக்கிற கட்டுப்பாடு. யாரும் அவசரப்படவில்லை. நீ தம்பியிடம் பேசியது அதற்கெல்லாம் பிறகு. நீ பேசியதால் எதுவும் முடிந்துபோகவில்லை, முடிந்துபோனதற்குப் பிறகுதான் நீ பேசினாய்.

'சென்னையில் ஒரு நாள்' படத்தை 2013இல் நாம் சேர்ந்து தியேட்டரில் பார்த்தோமே. மலையாளத்தில் 'டிராஃபிக்' என்று வந்து, பிறகு தமிழுக்கு வந்த கதை. மூளைச்சாவு அடைந்த பையனின் இதயத்தை எடுத்துக்கொண்டு சேரன் வண்டி ஓட்டுகிற வேகத்தைப் பற்றித்தான் திரும்பி வரும்போது பேசினோம். போன வாரம் மறுபடி பார்த்தேன். வண்டி என் கண்ணிலேயே படவில்லை. மூச்சு விடுகிற மகனை எப்படி இறந்துவிட்டான் என்கிறீர்கள் என்று அந்தப் பெற்றோர் முதலில் மறுக்கிறார்களே, அந்த இடத்தில் உன் தம்பியின் முகம் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். படத்தில் எல்லாம் ஒரே நாளில் முடிந்து கைதட்டல் வந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று வருடம் கழித்து நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது பீட்டர் ஜாக்சனின் 'தி லவ்லி போன்ஸ்' (2009). கொலையான பதினான்கு வயதுப் பெண் சூசி, இங்கும் இல்லாமல் அங்கும் போகாமல் நடுவில் ஓர் உலகத்தில் இருக்கிறாள். அந்த உலகத்தைக் காட்டுவதற்கு அள்ளிக் கொட்டியிருக்கிற வண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு காட்சிக்காக மன்னித்துவிட்டேன். அப்பாவும் மகளும் சேர்ந்து பாட்டில்களுக்குள் கப்பல் செய்து வைத்திருப்பார்கள். தாங்க முடியாமல் அப்பா ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறார். அங்கே அவள் நிற்கிற கடற்கரையில் மலைபோன்ற பாட்டில் கப்பல்கள் வந்து மோதி நொறுங்குகின்றன. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது அவள் மட்டுமா என்று அப்போது தோன்றியது. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தது அன்றைக்குத்தான்.

நவம்பர் இருபதாம் தேதி வாக்கில் வருகிறேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன், விடிவதற்கு முன்பே தஞ்சாவூரில் இறக்கிவிட்டுவிடும். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைத் தம்பியிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் விருப்பம். அவனும் உன்னைப்போல உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றினால், நான் வருகிற அன்று வீட்டுக்கு வரச் சொல். பரிசோதனையின்போது நான் பார்த்ததை அவனிடமும் ஒருமுறை சொல்கிறேன். இதுவரை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

'அக்டோபர்' படத்தைத் தனியாகப் பார்க்காதே. நான் வந்த பிறகு சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ஜெயராணி