லவோதிக்கேயாவுக்கு எழுதியதை சிமிர்னாவும் கேட்டது

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்துப் பேசப் போகிறாய் என்று அம்மா சொன்னார்கள். மனதுக்கு நிறைவாக இருந்தது. நம்மில் பலர் இந்தப் புத்தகத்தைத் தொடவே பயப்படுகிறார்கள். நீ அனுப்பிய தலைப்புகளையும் பார்த்தேன்: அந்திக்கிறிஸ்து, 666, இரகசிய வருகை, மகா உபத்திரவம். புத்தகத்தின் தொடக்கத்தில் வருகிற ஏழு சபைகளுக்கு மட்டும் ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் புத்தகமே பத்மு தீவிலிருந்து ஆசியா என்ற ரோம மாகாணத்தின் ஏழு சபைகளுக்குப் போன கடிதம். ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் யோவான் இந்தத் தரிசனத்தைக் கண்டதாக, இரண்டாம் நூற்றாண்டுச் சபைத் தலைவரான இரேனியு எழுதி வைத்திருக்கிறார். ஏழு ஊர்களும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருக்கின்றன. வரைபடத்தில் விரலை வைத்துப் பார். எபேசுவிலிருந்து வடக்கே சிமிர்னா, பெர்கமு. அங்கிருந்து தென்கிழக்கே திரும்பினால் தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, கடைசியில் லவோதிக்கேயா. கடிதம் கொண்டுபோகிறவன் நடந்துபோகிற வரிசையிலேயே ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன.

ஏழு சபைக்கும் சேர்த்து ஒரே சுருள்தான். எபேசு ஆதி அன்பை விட்டதை மற்ற ஆறு ஊர்க்காரர்களும் கேட்டார்கள். "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்று சர்தைக்குச் சொன்னது பக்கத்து ஊர் பிலதெல்பியாவிலும் சத்தமாக வாசிக்கப்பட்டது. "ஆவியானவர் சபைகளுக்குச் சொல்லுகிறதைக் காதுள்ளவன் கேட்கக்கடவன்" என்று ஏழு முறை வருகிறதே, ஒவ்வொரு முறையும் 'சபைகளுக்கு' என்றுதான் வருகிறது. சபைத் தேர்தல் சண்டையையும் சொத்து வழக்கையும் வெளியே தெரியாமல் மூடி மறைக்கப் பாடுபடுகிற நமக்கு இது எவ்வளவு கடினமான பாடம் என்று யோசித்துப் பார்.

லவோதிக்கேயாவில் கொஞ்சம் நின்று பேசு. கி.பி. 60ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஊர் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. ரோம அரசின் உதவி இல்லாமல், சொந்தப் பணத்திலேயே ஊரை மறுபடியும் கட்டிக்கொண்டார்கள் என்று தாசித்து என்ற ரோம வரலாற்றாசிரியர் எழுதுகிறார். பெருமைப்படத்தக்க காரியம்தான். ஆனால் அந்த ஊரின் பேச்சு சபைக்குள்ளும் நுழைந்துவிட்டது: "நான் ஐசுவரியவானென்றும், திரவியசம்பன்னனென்றும், எனக்கு ஒரு குறைவுமில்லையென்றும்" சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சபைக்குக் கர்த்தரிடமிருந்து ஒரு பாராட்டும் வரவில்லை. "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" என்ற வசனத்தை நாம் சுவிசேஷக் கூட்டங்களில் அவிசுவாசிகளைப் பார்த்துச் சொல்கிறோம். எழுதப்பட்டதோ ஒரு சபைக்கு. ஆராதனை நடந்துகொண்டிருக்கிறது, ஆண்டவர் வெளியே நிற்கிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் எடுக்கிறது.

ஏழில் இரண்டு சபைகள்மேல் மட்டும் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. ஒன்று, தரித்திரமும் உபத்திரவமும் பட்ட சிமிர்னா. மற்றது, "கொஞ்சம் பெலன்" மட்டுமே இருந்த பிலதெல்பியா. உண்மையான சபை எது என்று இந்தப் புத்தகம் அளக்கிற அளவு இதுதான் என்று நான் நம்புகிறேன். "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு" என்று சிமிர்னாவுக்குச் சொன்னது வெறும் வார்த்தையாகப் போகவில்லை. ஏறக்குறைய 155ஆம் ஆண்டில் அந்தச் சபையின் கண்காணியான (பேராயரான) பாலிகார்ப்பைக் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். 86 ஆண்டுகளாக அவருக்கு ஊழியம் செய்கிறேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்று கேட்டுவிட்டு அந்தக் கிழவர் தீக்குள் போனார்.

666 என்கிற மிருகத்தின் முத்திரையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசு. ஆனால் தியத்தீராவிலிருந்து தொடங்கு. சாயக்காரர், தோல் பதனிடுகிறவர், குயவர், அப்பம் சுடுகிறவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் வைத்திருந்த ஊர் அது. பிழைப்பு நடக்கச் சங்கம் வேண்டும். சங்கத்தின் விருந்திலோ விக்கிரகத்துக்குப் படைத்தது இருக்கும். முத்திரை இல்லாதவன் "கொள்ளவும் விற்கவும் கூடாதபடிக்கு" என்று 13ஆம் அதிகாரத்தில் கேட்டபோது அந்தச் சபையார் எதை நினைத்திருப்பார்கள்? நாளைய கடை வியாபாரத்தைத்தான். உடலில் வைக்கும் சிப்தான் அந்த முத்திரை என்று வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோக்களைப் பார்த்துப் பயப்படுகிற வாலிபருக்கு, வேலையில் முன்னேற எதை விட்டுக்கொடுக்கிறோம் என்கிற கேள்வி எழட்டும். 18ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் சரக்குப் பட்டியலையும் வாசிக்கச் சொல். பொன்னில் தொடங்கி முத்து, பட்டு, தந்தம், திராட்சரசம், கோதுமை, ஆடு, குதிரை என்று போய் "மனுஷருடைய ஆத்துமாக்கள்" என்று முடிகிறது. மனிதனை விலைபேசுகிற சந்தை கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை இதைவிட யாரும் தெளிவாகச் சொன்னதில்லை.

தேதி கணக்குப் போடுகிறவர்கள் பக்கம் மட்டும் போகாதே. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் பேச்சைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று காத்திருந்து மனம் உடைந்து போனார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்று ஆண்டவரே சொல்லிவிட்டார்.

என் யோசனை இது. முதல் கூட்டத்தில் நீ பிரசங்கமே பண்ண வேண்டாம். முழுப் புத்தகத்தையும் ஆளுக்கொரு பகுதியாகச் சத்தமாக வாசியுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் கைக்கொள்ளுகிறவர்களும் பாக்கியவான்கள் என்று தொடக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த ஏழு வாரம் ஏழு சபைகள். அதற்குப் பிறகு மிருகத்துக்கு வா. எபேசுவுக்கு நான் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா