அந்த ஆறு இலக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் கேரளத்து அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்தின் கதையைச் சுவையாக எழுதியிருந்தீர்கள். சதுரங்கத்தில் தோற்ற அரசன் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என 64 கட்டத்துக்கும் இரட்டித்து அளக்க வேண்டும். மொத்தம் 18446744073709600000 மணி என்று அச்சாகியிருக்கிறது. அரிசி மண்டியில் முப்பது ஆண்டு பேரேடு எழுதியவன் நான். கூட்டிப் பார்க்காமலே தப்பு என்று சொல்லிவிடுவேன். முதல் கட்டத்தில் இருப்பது ஒன்று. மற்ற 63 கட்டத்திலும் இரட்டைப்படை. மொத்தம் மட்டும் எப்படி இரட்டைப்படை ஆகும்?

சரியான எண் 1,84,46,74,40,73,70,95,51,615. கணினியின் கணக்குத்தாளில் போட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது பதினைந்தாவது இலக்கத்தை முழுமையாக்கி அதோடு நின்று, மீதி ஐந்தைப் பூஜ்யத்தால் அடைத்துவிடும். அப்படித்தான் கடைசி ஆறு இலக்கங்கள் மாறிப்போயின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி என்ற அறிஞர் கடைசி இலக்கம் வரை எழுதிவைத்த எண் இது. வழியும் எளிது. இரண்டை அதனாலேயே பெருக்கினால் 4. நான்கை அப்படியே பெருக்கினால் 16. பிறகு 256, 65536, 4294967296. இன்னும் ஒரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் தீர்ந்தது. ஆறே பெருக்கல், கடைசிப் பெருக்கல் மட்டும் எனக்கு ஒரு தாளின் இரு பக்கத்தையும் தின்றது.

உங்கள் எண்ணில் 48,385 மணி அதிகம். வீட்டுப் பொன்னி அரிசியில் பத்து கிராம் எடுத்து எண்ணினேன் (திட்டும் வாங்கினேன்): எண்ணூற்றுச் சொச்சம். ஆக, அரசன் தலையில் கூடுதலாக விழுந்தது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். மண்டியில் அதைச் சிந்தல் கணக்கில் தள்ளிவிடுவோம். ஆனால் இங்கே எண்ணின் குணமே மாறிவிட்டது. சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87, மூன்றால் மீதியின்றி வகுபடும். அச்சான எண்ணுக்கு வருவது 70, மூன்றால் வகுபடாது.

சரியான எண்ணைப் பிரித்தால் கிடைப்பவை 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என ஏழு பகா எண்கள் (ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுபவை), ஒவ்வொன்றும் ஒரே முறை. இவற்றில் 641க்கும் 6700417க்கும் தனிக் கதை உண்டு. இரண்டையும் பெருக்கினால் 4294967297. அதைப் பகா எண் என்றே நம்பியிருந்தார் கணித மேதை ஃபெர்மா. அவர் மறைந்தது 1665இல். 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை வந்துதான் 641ஐக் காட்டி அதை உடைத்தார். எத்தனை பெரிய மூளைக்கும் சறுக்கும் என்று எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.

ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் பெருக்கலில் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால், ஏழு முறை இரட்டித்து, மொத்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 128. சதுரங்கப் பலகையின் முதல் வரிசைக் கடைசிக் கட்டத்தில் வைக்க வேண்டிய அரிசியும் அதே 128.

திருத்தம் வெளியிடும்போது காற்புள்ளிகளை எண்ணிப் போடச் சொல்லுங்கள். ஒன்பது வர வேண்டும்.

மண்டிக் கணக்கர் (ஓய்வு),
கும்பகோணம்.